கேசட்டில் போன பேச்சு

ஷைமாவுக்குச் சீட்டில் வந்தது ‘தளரும்’.

லப்பைக்குடிக்காட்டில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் ஆண்டு விழாவுக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டிமன்றம் வைத்திருந்தார்கள். ‘பெண்கள் படித்தால் வீடு வளருமா, தளருமா?’ என்பது தலைப்பு. தளரும் என்று பேச ஒருவரும் முன்வரவில்லை. அதனால் சாந்தா டீச்சர் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார். வளரும் பக்கம் கலைமணிக்குப் போய்விட்டது.

மாற்றித் தாருங்கள் என்று ஷைமா டீச்சரிடம் கேட்டுப் பார்த்தாள். வக்கீலாகப் போகிறேன் என்று சொல்பவளுக்கு எந்தப் பக்கமும் பேசத் தெரிய வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

விழா அன்று கலைமணி பெண்ணியத்தைப் பற்றி இரண்டு பக்கம் மனப்பாடம் செய்து வந்திருந்தான். “பெண்ணியம் என்பது…” என்று மூன்று முறை தொடங்கினான். மூன்று முறையும் அங்கேயே நின்றான். மேடை ஓரத்திலிருந்து டீச்சர் வாயசைத்துக் காட்டியதை, பாவம், கொட்டாவி என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்து ஷைமா எழுந்தாள்.

“பெண்ணியம் என்றால் என்னவென்று கலைமணிக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டுப் பால் குண்டானுக்கு நன்றாகத் தெரியும்,” என்று ஆரம்பித்தாள். அவளுடைய அக்கா ஒரு கையில் அல்ஜீப்ராவும் ஒரு கையில் கரண்டியுமாக நின்றாளாம். எக்ஸ் கிடைத்ததாம், பால் கிடைக்கவில்லையாம். “பத்தாவது படிக்கும்போதே பால் போய்விட்டது. பன்னிரண்டு படித்தால் குழம்பு போகும். காலேஜ் போனால் அடுப்பே போய்விடும். அப்புறம் நாம் சோற்றுக்குச் சான்றிதழைத்தான் தொட்டுக்கொள்ள வேண்டும்.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. எவர்சில்வர் டிபன் பாக்ஸ் முதல் பரிசாகக் கிடைத்தது.

வீட்டில் ஒருநாள் பால் பொங்கியது உண்மைதான். ஆனால் அம்மா பாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது ஷைமாவிடம். அவள் தெருவில் கேட்ட சத்தத்துக்கு ஓடிவிட்டாள். படித்துக்கொண்டிருந்த அக்கா ருமைசாதான் பாய்ந்து வந்து, கையைச் சுட்டுக்கொண்டு, மிச்சப் பாலைக் காப்பாற்றினாள்.

மேடையில் நின்றபோது ஷைமாவுக்கு அது ஞாபகம் வராமல் இல்லை. பேச்சு நன்றாக வந்துகொண்டிருந்ததால் அப்படியே தள்ளிவிட்டாள். ருமைசா பொதுத் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று விழாவுக்கு வரவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது?

ஷைமாவின் அத்தா மீரான் சவூதியில் தம்மாமில் வேலை பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. அதனால் அந்த வீட்டில் கடிதம் கிடையாது, கேசட்டுதான். ஊரிலிருந்து யாராவது தம்மாமுக்குக் கிளம்புகிறார்கள் என்றால் டேப் ரெக்கார்டரைக் கூடத்தில் வைத்து ஒவ்வொருவராகப் பேசுவார்கள். அந்தத் தடவை எதிர்வீட்டு பாத்திமா பீவியின் மகன் சஃப்வான் கிளம்பினான். ருமைசா பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த நேரத்தில் பதிவு நடந்தது.

“ஒம் பேச்ச அத்தாவுக்குப் பேசிக் காட்டு,” என்றார் அம்மா. மேடைப் பேச்சில் கொஞ்சம் மாற்றிச் சொல்வது விளையாட்டுதானே என்று அவரும் விட்டிருந்தார்.

ஷைமா மேடையில் பேசியதைவிடவும் அழகாகப் பேசினாள். கேசட் விமானம் ஏறிப் போய்விட்டது.

மே மாதக் கடைசியில் ருமைசாவுக்கு ரிசல்ட் வந்தது. நானூற்று முப்பத்தொன்று. பயாலஜி குரூப்பில் சேர வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு ஆற்றுப் பாலம் தாண்டித் திட்டக்குடிக்கு பஸ்ஸில் போக வேண்டும். அத்தா சரியென்றால் போகலாம் என்பது அம்மாவின் பேச்சு. மார்க்கைச் சொல்லி, சேர்க்கட்டுமா என்று கேட்டு இன்னொரு கேசட்டும் போனது.

லீவில் வந்த ஒருவர் பதில் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தபோது ஜூன் பாதி கடந்திருந்தது. மூவரும் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அத்தா சலாம் சொன்னார். எல்லாரையும் விசாரித்தார். மார்க்கைக் கேட்டு ரூமில் இனிப்பு கொடுத்ததாகச் சொன்னார். பிறகு ஒரு செருமல்.

“நானும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். சின்னவ பேசுனத இங்க எல்லாரும் போட்டுப் போட்டுக் கேட்டோம். அந்தப் பாலு பொங்குன கதை… சிரிச்சு முடியல. ஆனா யோசிச்சா அவ சொல்றதும் நெசந்தானே. படிப்பு படிப்புன்னு அடுப்படிய மறந்துட்டா நாளைக்கிப் போற எடத்துல நம்மளத்தான் பேசுவாங்க. ருமைசாவுக்குப் பத்து போதும்மா.”

கேசட் சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மா அதை நிறுத்தினார்.

ருமைசா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். “பாலு பொங்குனது என்னாலயா?” என்று மட்டும் கேட்டாள்.

ஷைமாவின் காது இரண்டும் கொதித்தன. அக்கா எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பத்தாம் வகுப்புப் புத்தகங்களையெல்லாம் தூசி தட்டி அடுக்கி, அடுத்த வருடம் படிக்கப்போகும் பெண்ணுக்குக் கொடுக்கக் கட்டி வைத்தாள். அழவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் ஷைமாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று முழுவதும் டிபன் பாக்ஸைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது. நாளைக்கு நான் பத்தாவது முடிக்கும்போதும் அத்தா இதையேதானே சொல்வார் என்று ஒரு பயம் வந்தது. அந்தப் பயம் வந்த கையோடு இன்னொரு வெட்கமும் வந்தது. புத்தகத்தைக் கட்டி வைத்திருப்பது அக்கா. முதலில் கவலை வந்ததோ தனக்காக.

சேர்க்கை திங்கட்கிழமையோடு முடிகிறது. இன்னொரு கேசட் அனுப்ப நேரமில்லை. ஆனால் மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தம்மாமிலிருந்து போன் வரும். தெருவில் போன் இருந்தது பாத்திமா பீவி மாமி வீட்டில் மட்டும்தான். சஃப்வானும் அத்தாவும் ஒரே ரூமில் இருந்ததால் அடுத்தடுத்துப் பேசுவார்கள். இந்த வெள்ளி அப்படிப் போன் வரும் வெள்ளி.

ஷைமா நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். வீடு வளரும் என்று ஒரு பேச்சு எழுத ஆரம்பித்தாள். நன்றாகவே வந்தது. நான்காவது வரியில் ஒரு நகைச்சுவைகூட வந்துவிட்டது. அதைப் படித்ததும் அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது. நன்றாகப் பேசித்தானே இவ்வளவும் ஆனது? தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அம்மாவிடம் போனாள்.

“போன் வந்தா மொதல்ல நான் பேசணும்மா.”

“நீ எப்பவும் கடைசிலதானே பேசுவ?”

“கடைசில பேசுனா லைன் போயிடும்.”

அம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரியென்றார். காரணம் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பாத்திமா பீவி வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கூடத்தில் போன் பேசினால் ரகசியம் கிடையாது. ருமைசா உள்ளே வராமல் கதவோரம் நின்றாள். சஃப்வான் பேசி முடித்ததும் அம்மா ரிசீவரை ஷைமாவின் கையில் கொடுத்தார்.

“அத்தா, நான் ஷைமா.”

“அட, வக்கீலம்மாவா? இங்க ஒம் பேச்சுதான்…”

“அது பொய்யிங்கத்தா.”

ஒரு பெண் விசிறியதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

“எது பொய்யி?”

“பாலு பொங்குனது என்னாலங்கத்தா. அம்மா என்னத்தான் பாக்கச் சொன்னாங்க. நான் தெருவுக்கு ஓடிட்டேன். அக்காதான் வந்து கையச் சுட்டுக்கிட்டு எறக்குனா. எல்லாரும் சிரிக்கணும்னு அவ மேல மாத்திச் சொல்லிட்டேன். அந்தப் பக்கம் பேசுனதும் சீட்டுல வந்ததாலதான். நான் அப்புடி நெனைக்கல.”

சவூதி லைனில் நாம் பேசுவது ஒரு நொடி கழித்து நமக்கே திரும்பக் கேட்கும். ‘நான் அப்புடி நெனைக்கல’ என்று ஷைமாவின் குரல் அவள் காதிலேயே மறுபடி சொன்னது.

“நெனைக்காதத எதுக்கும்மா அம்புட்டு நல்லாப் பேசுன?” என்று அத்தா கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார்.

ஷைமா இருந்ததை இருந்தபடியே சொன்னாள்.

“கைதட்டுனாங்கத்தா.”

லைனில் இரைச்சல் மட்டும் கேட்டது. போய்விட்டதோ என்று அவள் பயந்தபோது அத்தா மெதுவாகச் சொன்னார்: “நானும் சேந்துல்ல தட்டியிருக்கேன்.” பிறகு, “பெரியவளக் கூப்புடு.”

ருமைசா வந்து ரிசீவரை வாங்கினாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். “ம்… பயாலஜிங்கத்தா… நாலு புள்ளைங்க ஒண்ணாத்தான் போறோம்… ம்… சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் வந்துடலாம்… சரிங்கத்தா.” அவள் குரல் ‘சரிங்கத்தா’வில் மட்டும் கொஞ்சம் உடைந்தது. ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திங்கட்கிழமையே சேர்த்துவிடச் சொல்லி அத்தா அம்மாவிடமும் சொன்னார்.

போனை வைத்ததும் பாத்திமா பீவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஏண்டி, பாலு பொங்குன சங்கதிய சவூதிக்காரங்கிட்டயா சொல்லணும்? எதுத்த வூட்டுல எங்கிட்ட சொல்லியிருந்தா அன்னைக்கே தெருவுக்கே தெரிஞ்சிருக்குமே.”

எல்லாரும் சிரித்தார்கள். ஷைமாவை வைத்து ஒரு கூட்டம் இப்படிச் சிரித்து, அவள் தலையைத் தூக்காமல் நின்றது அதுதான் முதல் தடவை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ருமைசா அவளோடு பேசவில்லை. கட்டி வைத்த புத்தகங்களைப் பிரித்து அறிவியல் புத்தகத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டாள். யாரும் சொல்லாமலே ஷைமா பாத்திரம் கழுவினாள். அதையும் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை மூன்று பேரும் திட்டக்குடி பஸ்ஸில் ஏறினார்கள். நிற்கத்தான் இடம் இருந்தது. முன்பக்கம் அம்மாவும், நடுவில் அக்காவும் தங்கையும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ருமைசாவுக்குக் கம்பியைப் பிடிக்கக் கை போதவில்லை. ஒரு நொடி யோசித்தாள். கையிலிருந்த பிளாஸ்டிக் கவரை ஷைமாவிடம் நீட்டினாள்.

“மார்க் ஷீட்டு. கசங்காமப் புடி.”

“நானா?”

“பின்ன, கண்டக்டரா?”

பஸ் பாலத்தில் ஏறிக் குலுங்கியது. ஷைமா கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் விழுந்துவிடாமல் ருமைசா அவளுடைய சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள்.