ரத்தம் கொடுத்துக் கொல்!

"அய்யோ... மூச்சு முட்டுதே!"

போடி பஜாரை ஒட்டிய தனியார் ஆஸ்பத்திரி. சுப்புத்தாயின் அலறல் பாதியில் நின்றது.

டாக்டர் அமுதவள்ளி ஓடி வந்தாள்.

சுப்புத்தாயின் உதட்டோரம் ரோஸ் நிறத்தில் நுரை!

தலைமாட்டில் தொங்கிய ரத்தப் பை... காலி. சாயங்காலம் வரை சொட்ட வேண்டியது. மதியச் சாப்பாடுகூட இன்னும் வரவில்லை.

சொட்டும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டியூபின் சக்கரத்தை யாரோ முழுக்கத் திறந்துவிட்டிருந்தார்கள்!

அவளை நிமிர்த்தி உட்கார வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, நீர் பிரிய ஊசி போட்டாள் அமுதவள்ளி. மூச்சு திரும்பியது. கதவைச் சாத்திவிட்டுப் போலீசைக் கூப்பிட்டாள்.

இன்ஸ்பெக்டர் ஜக்கையன் நிதானமாக வந்தார்.

"ரத்தம் இல்லாத பொம்பளைக்கு ரத்தம் ஏறியிருக்கு. இதுல கேஸு எங்கம்மா இருக்கு?"

"பல வருஷ ரத்தசோகை சார். ரத்தம் நீர்த்துப் போயிருக்கே தவிர, அளவு குறையலை. அதை வச்சு உடம்பை ஓட்ட இதயம் ராப்பகலா வேகமா அடிச்சுக் களைச்சுக் கிடக்கு. அதுமேல ஒரே மூச்சுல ஒரு பையைக் கொட்டினா...?"

"இதயத்தால தள்ள முடியாது." ஜக்கையனுக்குப் புரிந்தது.

"பின்னாடி தேங்கி நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். கட்டில்லயே மூழ்கிச் சாகணும்!"

ஜக்கையன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் நர்சுக்கும். அப்புறம்... காலையில கையெழுத்து வாங்கும்போது அவ புருஷன்கிட்ட சொன்னேன்."

புருஷன் பேச்சிமுத்து. குரங்கணி ஜீப் டிரைவர். ஏலத்தோட்டம் மனைவி பெயரில். விற்க அவள் சம்மதிக்கவில்லை.

ஜக்கையன் வெளியே வந்தபோது, வராந்தாவில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டீ குடிக்கப் போயிருந்தேன்ய்யா. வந்து பாத்தா கதவைச் சாத்திட்டாக. என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் சொல்லலை."

"சம்சாரம் போயிட்டாங்க. எவனோ டியூபுல விஷம் ஏத்திட்டான்."

பேச்சிமுத்து விருட்டென்று எழுந்தான்.

"விஷமா! என்னய்யா பேசுறீக? ரத்தம் வெரசா ஏறி நெஞ்சை அமுக்கிருச்சு... அம்புட்டுத்தேன்!"

ஜக்கையன் சிரிக்கவில்லை.

"வெரசா ஏறுச்சுன்னு யாருய்யா சொன்னா? கதவுதான் சாத்தியிருந்துச்சே?"

பேச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டான்.

கதவு திறந்தது.

கட்டிலில் சாய்ந்தபடி... சுப்புத்தாய்! உயிரோடு!

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். அவள் ஆக்சிஜன் மாஸ்கைக் கழற்றினாள். தாலி கட்டியவனை நிறுத்தி நிதானமாகப் பார்த்தாள்.

"டாக்டரம்மா... அவர் மூஞ்சியில சொட்டு ரத்தமில்ல. ஒரு பை ஏத்திவிடுங்க... வெரசாவே!"