401-க்கும் 403-க்கும் நடுவில் ஒரு வாசல்

ஜூலை எட்டாம் தேதி, திங்கட்கிழமை காலை. விலங்கு மருத்துவமனையின் புதிய இணையதளம், பரிசோதனை முடிவைப் பார்க்க வந்த அத்தனை பேரையும் திருப்பி அனுப்பியது.

அந்தத் தளத்தின் நிரலை எழுதியவள் தன் அலுவலக மேசையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். கதவு படாரென்று திறந்தது. தொப்பலாக நனைந்த ஒருவன்... வெள்ளைக் கோட்டு முழுக்கப் பூனை முடி... கண்ணில் மட்டும் அனல்.

"வெப்சைட் பண்ணினது நீங்கதானே? நான் அந்த ஆஸ்பத்திரி டாக்டர்."

"நாய் டாக்டரா?"

"பூனைக்கும்தான். சொந்த நாயோட ரிப்போர்ட்டைப் பார்க்க வந்தா, 'உங்களுக்கு அனுமதி இல்லை'ன்னு முகத்துல அடிக்குது. எல்லாரும் என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க."

"லாகின் பண்ணியிருக்க மாட்டாங்க."

"பண்ணுங்கன்னு அது சொல்லிச்சா?"

சொல்லவில்லை. திரையைப் பார்த்தவளுக்குச் சுருக்கென்றது. "401னு பிழை எண் வர வேண்டிய இடத்துல 403..." என்று முணுமுணுத்தாள். அவள் கை எழுதியதுதான்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"401னா, 'நீங்க யாருன்னு தெரியல, சொல்லுங்க'ன்னு அர்த்தம். சொன்னா உள்ளே விடலாம். 403னா, 'யாரா இருந்தாலும் விட மாட்டேன்'."

"ஒரு நம்பர் மாறினதுக்கா நான் இத்தனை திட்டு வாங்கினேன்?"

"ஸாரி..."

அந்த அலுவலகத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. அவன் சிரித்தான். தேநீரில் சர்க்கரை போட்டோமா என்பதே அவளுக்கு மறந்துபோனது.

அதன் பிறகு அவன் ஏதாவது ஒரு குறையோடு வந்தான். எழுத்து பொடியாக இருக்கிறது... படத்தில் பூனை முறைக்கிறது... ஒரு நாள் சும்மா வந்து நின்றான்.

"இன்னிக்கு என்ன குறை?"

"வழியெல்லாம் யோசிச்சேன்... ஒண்ணும் கிடைக்கல."

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்களேன்," என்றாள், திரையைப் பார்த்தபடியே.

ஞாயிற்றுக்கிழமை. இந்தச் சுடிதாரா, அந்தச் சுடிதாரா என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோது அப்பா எட்டிப் பார்த்தார். வங்கியில் கையெழுத்துகளைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றவர். எந்த முகத்தையும் அப்படித்தான் பார்ப்பார்.

"யாரோ ஒரு பையன் வந்தாம்மா. யாருப்பா நீன்னு கேட்டேன். தப்பா வந்துட்டேன் சார்னு போயிட்டான்."

போனால் இனி வர மாட்டான்... குடைகூட எடுக்காமல் மழையில் ஓடினாள்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தான்.

"ஏன் திரும்பிட்டீங்க?"

"உங்கப்பா பார்த்த பார்வை இருக்கே... 403."

"யாருன்னு கேட்டா அது 401, டாக்டர். பதில் சொல்லணும்."

"என்னன்னு சொல்ல? நாய் டாக்டர்னா?"

பேருந்து வந்து நின்றது. கிளம்பியது. அவன் ஏறவில்லை. அவன் இமை நுனியில் ஒரு மழைத்துளி நடுங்கியது...

"உங்க பொண்ணை எனக்குப் பிடிச்சிருக்கு சார்... அவங்களைப் பார்க்கத்தான் குறை தேடி அலையறேன்... இப்படிச் சொல்லலாமா?"

"சொல்லுங்க." அவள் குரல் மழையைவிட மெதுவாக இருந்தது. "எனக்கும் பிடிச்சிருக்கு. குறையே இல்லாம வந்து நின்னீங்களே... அன்னியிலேருந்து."

அப்பா மறுபடியும் கதவைத் திறந்தார். அதே கேள்வியைக் கேட்டார். அவன் பதில் சொன்னான்.

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் சொட்டச் சொட்ட நின்ற மகளைப் பார்த்தார். உள்ளே போய் இரண்டு துண்டுகளோடு வந்தார்.