மலைத் தேனில் ஒரு பிணம்

போன் அடித்தது.

தேன் முதலாளி சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு இடது கையால் எடுத்தார்.

"சார், போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து பேசறோம். உங்க மலைத் தோட்டத்துல ஒரு பொணம் கிடந்துது. காலையில ஆடு மேய்க்கறவர் பார்த்துச் சொன்னார். இன்ஸ்பெக்டரம்மா உங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்காங்க."

போனை வைத்தார்.

யாருடைய பிணம் என்று அவர் கேட்கவில்லை. கேட்பானேன்? நேற்று மதியம் அந்த ஆளைக் கொன்றதே அவர்தான்!

ஆனால் பிணம் எப்படி அங்கே போயிற்று...?

"டேய்!"

எதிரே உட்கார்ந்திருந்த மச்சான் நிமிர்ந்தான். மனைவியின் தம்பி. தொழிலில் அவருக்கு வலது கை. மூளை மட்டும் இரவல்.

"எங்கடா போட்டே அவனை?"

"நம்ம மலைத் தோட்டத்துல மாமா."

பளார்!

"ஏன் மாமா அடிக்கறீங்க? யாருமே போகாத இடமாப் பார்த்துப் போடுன்னு நீங்கதானே சொன்னீங்க? நாலு வருஷமா நாமளே அங்க போனதில்லையே!"

மடையன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

அந்த மலையில் கூடு வைத்து எடுத்த தேனுக்கு மட்டும்தான் அந்த மலையின் பெயர். வேறு எங்கே எடுத்தாலும் லேபிளில் பெயரைப் போடக் கூடாது என்பது சட்டம். பெயர் இருந்தால் விலை ஆறு மடங்கு. முதலாளியின் பாட்டிலில் மலையின் பெயர் இருந்தது. அரசாங்கத்தின் தங்க நிற முத்திரை இருந்தது. தேன்தான் இல்லை!

ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த பழைய ஐஸ் கம்பெனியில் ஒரு பெரிய தொட்டி. தொட்டி நிறைய சர்க்கரைப் பாகு. அவருடைய மலை அதுதான்.

நேற்று வேனைப் பின்தொடர்ந்து முத்திரை ஆபீஸ் அதிகாரி உள்ளே வந்துவிட்டார். வயதானவர், ஒல்லி உடம்பு. தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"உன் முத்திரை இன்னியோட போச்சுய்யா" என்றார்.

அவ்வளவுதான்... முதலாளி அவர் பிடரியைப் பிடித்துப் பாகுக்குள் அமுக்கினார். கால்கள் தொட்டியின் தகரத்தை உதைத்தன. உதை நின்ற பிறகும் ஒரு நிமிஷம் சேர்த்தே பிடித்திருந்தார். எதிலும் அளவு குறையக் கூடாது என்பது அவர் கொள்கை.

பிறகு மச்சான் பிணத்தைக் குழாயடியில் கழுவினான். மண்டையைக் கல்லில் மோதி உடைத்தான். வழுக்கி விழுந்த மாதிரி இருக்கட்டுமே என்று!

வாசலில் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. சோபாவில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"செத்தது முத்திரை ஆபீசர். மண்டை உடைஞ்சிருக்கு."

"ஐயோ! தங்கமான மனுஷன் மேடம்! பாறையில வழுக்கி விழுந்துட்டாரா?"

"இல்லை. கொலை. முத்திரைக்காகத் தினமும் மலையில யார் இருந்தாங்க, எத்தனை கிலோ தேன் எடுத்தாங்கன்னு ஒரு பதிவேடு எழுதணுமே, அதைக் கொண்டாங்க."

முதலாளி கண்ணைக் காட்டுவதற்குள் மச்சான் ஓடிப் போய் எடுத்து வந்து நீட்டினான். முகத்தில் பெருமை வேறு!

அவள் புரட்டினாள். வாய்விட்டுப் படித்தாள்.

"'காலை ஏழு முதல் மாலை ஆறு வரை மலைத் தோட்டத்தில் தனியாக இருந்தேன்.' நேத்துத் தேதி. கையெழுத்து உங்களோடதுதானே?"

முதலாளி மனசுக்குள் கணக்குப் போட்டார்.

ஆமாம் என்றால் தூக்கு. இல்லை என்றால் முத்திரை போகும். எந்த முத்திரைக்காக ஓர் உயிரையே எடுத்தாரோ, அந்த முத்திரை! ஆனால் கலப்படத்துக்கு அபராதம், மிஞ்சிப் போனால் சில வருஷம் ஜெயில். கழுத்து மிஞ்சும்.

"மேடம்... அது பொய்க் கணக்கு. நான் மலைக்குப் போறதே இல்லை."

"அப்போ தேன்?"

"தேனே கிடையாது மேடம். எல்லாம் சர்க்கரைப் பாகு. பழைய ஐஸ் கம்பெனித் தொட்டியில காய்ச்சறேன். நேத்து பொழுதுக்கும் அங்கதான் இருந்தேன்!"

"சாட்சி?"

"சாட்சி எதுக்கு மேடம்? ஒரே பூட்டு, ஒரே சாவி. சாவி என் இடுப்புல. என்னை மீறி ஒரு ஈ காக்கா உள்ள வர முடியாது!"

"மலைத் தோட்டத்துச் சாவி?"

முதலாளி ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

"அது இவன்கிட்டதான் மேடம். இவனை விசாரிங்க. சின்ன வயசுலேர்ந்தே முரடன்!"

"மாமா...!" மச்சானின் கண் கலங்கிவிட்டது. ஒரு கான்ஸ்டபிள் அவன் தோளில் கை வைத்தார்.

"இதெல்லாம் எழுதிக் கொடுப்பீங்களா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

எழுதினார். விறுவிறுவென்று ஒரு பக்கம். கையெழுத்தும் போட்டார். தப்பித்தாயிற்று!

அவள் காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"பதிவேடு பொய்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு சார். வர்ற வெள்ளிக்கிழமைகூட மலையில இருபது கிலோ எடுத்திருக்கீங்க!"

"அப்புறம் எதுக்கு மேடம் என்னை...?"

"டாக்டர் காலையிலயே அறுத்துப் பார்த்துட்டார். மண்டை உடைஞ்சது செத்ததுக்கு அப்புறம். செத்தது மூச்சு முட்டி. நுரையீரல் பூரா சர்க்கரைப் பாகு."

முதலாளியின் முகம் வெளுத்தது.

"காலையிலேர்ந்து மிட்டாய்க் கம்பெனியா ஏறி இறங்கறோம். உங்களைத்தான் கணக்குலயே எடுத்துக்கலை. சுத்தமான தேன்னு லேபிள் ஒட்டியிருந்தீங்களே, நம்பிட்டோம்!"

"மேடம்... நான் ஒப்புக்கிட்டது கலப்படத்தை மட்டும்தான்!"

விலங்கு அவர் மணிக்கட்டில் 'க்ளிக்'கியது.

"பாகு உங்களோடது. பூட்டு உங்களோடது. சாவி உங்க இடுப்புல. ஈ காக்கா உள்ள வரலை. சும்மா சொல்லக் கூடாது சார்..." இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். "கலப்படமே இல்லாம நீங்க தயாரிச்ச முதல் சரக்கு இதுதான்!"