முள் இறங்கவில்லை

வண்டி சும்மா உறுமிக்கொண்டு நிற்கும்போது, டர்போவின் காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டரின் முள் பூஜ்யத்தில் கிடக்க வேண்டும். அரியலூர் ரயில்வே கேட்டில், சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே அறிவரசனின் ஜீப் நின்றபோது அந்த முள் ஒரு மயிரிழை ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

ஆக்சிலேட்டரில் அவன் கால் இல்லை. குனிந்தே பார்த்துவிட்டான்.

காலையில்தான் பெரம்பலூரில் மெக்கானிக் பாலாஜி வேறு இன்டர்கூலர் மாட்டிக் கொடுத்திருந்தான். டர்போ அழுத்தித் தள்ளும் சூடான காற்றை, இஞ்சினுக்குள் போகுமுன் குளிரவைக்கிற பெட்டி அது. வண்டியோடு வந்தது ஓட்டை விழுந்துவிட்டது.

"இது பெருசுண்ணே. பூஸ்ட் கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும், பயந்துக்காதீங்க" என்றான் பாலாஜி.

"எந்த வண்டியிலேருந்து கழட்டுனது?"

"பழைய இரும்புக் கடையில எடுத்தேன். வண்டி எதுன்னு யாருண்ணே கேக்குறா."

கம்மியாகக் காட்டும் என்றுதானே சொன்னான், தானாக ஏறும் என்று சொல்லவே இல்லையே. அறிவரசனுக்கு எரிச்சலாக வந்தது.

பின்சீட்டில் மனைவி பரிமளாவின் மடியில் மகள் கவியா தூங்கிக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் நாள் முழுக்க ஓடியாடிய களைப்பு. போதாததற்கு ஊரெல்லாம் சிமென்ட் தூசி. அவளுக்கு அது ஆகாது.

கேட் திறந்தது. டிப்பர்கள் கிளப்பிய வெள்ளைப் புழுதி மேற்கு வெயிலில் மஞ்சளாகி கண்ணாடியை மூட, டீசல் புகையும் காய்ந்த சோளத்தட்டை வாசனையும் ஜன்னல் வழியே ஏற, எல்லாச் சத்தத்துக்கும் அடியில் டர்போவின் விசில் மெல்லிசாக இழுத்துக்கொண்டே வந்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான் அந்த விசில் இஞ்சினிலிருந்து மட்டும் வரவில்லை என்பது அவனுக்கு உறைத்தது. பின்னாலிருந்தும் வந்தது. கவியாவின் நெஞ்சிலிருந்து.

"ஏங்க, பாப்பாவுக்கு இழுக்குது. வேகமாப் போங்க."

"ஸ்ப்ரே அடி."

"அடிச்சிட்டேன். கேக்கல."

பெரம்பலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்வாள். மனதில் வேறு நினைப்பில்லை. மிதித்தான். முள் சர்ரென்று ஏறியது. கம்மியாகக் காட்ட வேண்டிய முள், அவன் ஒருநாளும் பார்த்திராத இடத்துக்குப் போனது. அதே நேரம் பின்னால் இழுப்புச் சத்தம் நின்றது.

"கவியா? ஏய், கவியா?" பரிமளாவின் குரல் உடைந்தது.

எதிரே மாடுகள். காலை எடுத்தான். முள் விழுந்தது. பின்சீட்டில் குழந்தை நீளமாக, கிணற்றிலிருந்து தூக்கிப் போட்டவளைப் போல, காற்றை உள்ளே இழுத்தாள்.

சீச்சீ, அப்படியெல்லாம் இருக்காது என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி மெதுவாக மிதித்தான். முள் ஏறியது. மூச்சு நின்றது. காலை எடுத்தான். மூச்சு வந்தது.

"ஏன் மெதுவாப் போறீங்க? பைத்தியமா புடிச்சிருக்கு?"

மிதித்தால் பிள்ளை மூச்சு விடமாட்டாள். மிதிக்காவிட்டால் ஆஸ்பத்திரி வராது. குன்னம் தாண்டியாகிவிட்டது. இரண்டு பக்கமும் ஆளில்லாத சோளக்கொல்லை. போனில் டவர் இல்லை.

வேறு வண்டியை மறித்து ஏற்றிவிடலாம் என்று புளியமரத்தடியில் ஓரங்கட்டினான். சாவியைத் திருப்பினான்.

இஞ்சின் அணைந்தது. விசில் அணையவில்லை.

முள் ஏறியது.

சாவி அவன் கையில் இருந்தது. முள் ஏறிக்கொண்டே போனது. சிவப்பைத் தாண்டியது. அங்கேயே நின்றது.

"மூச்சு இல்லங்க," என்றாள் பரிமளா. கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

இறங்கி ஓடினான். பானெட்டைத் தூக்கினான். இன்டர்கூலருக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸ் பலூனாக உப்பியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினான். உள்ளங்கைத் தோல் பொசுங்கியது. ஹோஸ் அமுங்கியது.

"விடுறா! மூச்சு விடுறா!" பின்சீட்டிலிருந்து பரிமளா கத்தினாள்.

கையைத் தளர்த்தினான். உப்பியது. அழுத்தினான். அமுங்கியது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பின்சீட்டில் ஒரு மூச்சு. அழுதுகொண்டே அழுத்தினான். என் உசுரை எடுத்துக்கோ, அவளை விட்டுடு என்று எதனிடமோ கெஞ்சினான்.

தூரத்தில் பஸ் ஹாரன். பரிமளா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிக் கையை ஆட்டினாள். பஸ் நின்றது.

"வாங்க, இழுப்பே இல்லங்க, நல்லா மூச்சு விடுறா, சீக்கிரம் வாங்க!"

ஹோஸிலிருந்து கையை எடுத்தான். குழந்தையின் முதுகு ஏறி இறங்கியது. சீராக, சத்தமில்லாமல். கவியா பிறந்ததிலிருந்து அவ்வளவு சுத்தமான மூச்சை அவன் பார்த்ததில்லை. கடவுளே என்றான்.

பானெட்டுக்குள் யாரோ இருமினார்கள்.

சின்ன இருமல். ராத்திரிகளில் அவன் எழுந்து நெஞ்சைத் தடவிக்கொடுக்கும் இருமல்.

வெந்த கையை ஹோஸின் மேல் வைத்தான். கொதிக்கும் ரப்பருக்கு உள்ளிருந்து சில்லென்று சின்ன விரல்கள் தடவின, தேடின, அவன் கட்டைவிரலை மட்டும் கண்டுபிடித்து இறுக்கிக்கொண்டன. ரோட்டைக் கடக்கும்போது கவியா அப்படித்தான் பிடிப்பாள்.

பஸ் படியில் ஏறும் பரிமளாவின் தோளுக்கு மேலிருந்து அந்தக் குழந்தை, கண் சிமிட்டாமல், முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்துக்கொண்டே போனது.