முள்ளுப் போட்ட இடம்

அன்று சாயங்காலம் அந்த ஊட்டு ஆசாரத்தில், முன்கூடத்தில், மூன்று பேர் இருந்தார்கள். வாசற்படிக்குப் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் பெரியப்பா குப்பண்ணன். கயிற்றுக் கட்டிலில், மடியில் அட்டை வைத்துக் கடிதம் எழுதியபடி அவர் தம்பி மகன் பூபதிராஜா. எதிர்ச்சுவரில் சாய்ந்து தரையில் அவன் மனைவி யோகப்பிரியா. அவள் ஐந்தாவது சொம்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

கடிதம் கிருஷிபவனுக்கு, விவசாய ஆபீசுக்கு. வெள்ளாமைக் காட்டின் வடகோடியில் நிற்கும் சீமைக்கருவேல மரத்தைத் தூரோடு எடுத்துத் தர வேண்டும் என்று அபேக்ஷை. காடு யோகப்பிரியா பேரில். நாலு மாதமாக அவள் கையெழுத்துப் போடவில்லை. அந்த மரத்தடியில் கௌசிக் இருந்தான்.

அவர்களுடைய ஐந்து வயதுப் பிள்ளை. மூன்று வருஷத்துக்கு முந்தின ஆடியில் காய்ச்சலில் போனான். சின்னப் பிள்ளையை எரிக்கிற வழக்கமில்லை என்று காட்டோரம் புதைத்தார்கள். நாய் நரி தோண்டாமலிருக்க மேலே முள் போட வேண்டும். பூபதிராஜாதான் வேலியிலிருந்த சீமைக்கருவேலத்தை வெட்டி இழுத்து வந்தான். அழுதுகொண்டே வெட்டியதில் காயோடு வெட்டிவிட்டான். தித்திப்புக் காய். ஆடுகள் மோப்பம் பிடித்து வந்து, தின்று, அங்கேயே புழுக்கை போட்டுவிட்டுப் போயின. அப்புறம் ஒரு மழைதான்.

இரண்டு தடவை வெட்டினான். ஒன்று நின்ற இடத்தில் ஏழு கிளைத்தது. அடியில் புல் முளைக்கவில்லை. ஆனிக் காற்றில் எல்லா மரமும் இரைகையில் அது மட்டும், பிள்ளை தூக்கத்தில் சப்புக்கொட்டுவதுபோல ஒரு சத்தம் போட்டது. இந்தக் கோடையில் வற்றிய கிணற்றை எட்டிப் பார்த்தவன், சுவரைக் கிழித்துக்கொண்டு ஈரமாய்த் தொங்கிய வேர்களை எண்ணத் தொடங்கி, ஐந்தில் நிறுத்திக்கொண்டான். யோகப்பிரியாவோ விடிந்தால் அடைந்தால் அந்த மரத்தடியில்தான் கிடந்தாள். மரம் போனால் இவளாவது மிஞ்சுவாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

"வேலிக்குன்னு சீமையிலிருந்து கொண்டாந்தாங்க. இப்ப அது உள்ள, நாம வெளிய," என்றார் குப்பண்ணன். "வெதை பாரு, சும்மா போட்டா லேசுல மொளைக்காது. ஒரு வவுத்துக்குள்ள போயி வந்தாத்தான் அதுக்கு உசுரு. மாமியா ஊட்டு விருந்துக்குப் போயிட்டு வந்த மாப்பிள்ளையாட்ட!"

அவர் மட்டும் சிரித்தார்.

"தெரியுமுங்க மாமா," என்றாள் யோகப்பிரியா. கையை நீட்டினாள். "பேனாவக் குடுங்க. போடறன்."

"நெசமாவா புள்ள?" பூபதிராஜா பேனாவை நீட்டினான். "மரத்தத் தொட்டா கெணத்துல உழுவேன்னயே."

"எடுத்துக்கட்டுமுங்க. அவன் இப்ப அங்க இல்லீங்க."

"அப்படித்தான் மனசத் தேத்திக்கோணும், அம்மிணி," என்றார் குப்பண்ணன்.

அவள் கட்டிலோரம் நகர்ந்து வந்து குனிந்து கையெழுத்திட்டாள். அப்போதுதான் அவனுக்கு அந்த வாசனை வந்தது. வெயிலில் காய்ந்த கருவேலங்காயின் வெல்ல வாசனை, அவள் மூச்சிலிருந்து. முந்தானை முடிச்சு அவிழ்ந்தது. தரையில் உதிர்ந்தன, மஞ்சள் சக்கைகள். மென்ற சக்கைகள். கொட்டை ஒன்றுகூட இல்லை. பல் தடம் இருந்தது.

ஆட்டுப் பல் அல்ல.

"பிரியா," என்றான்.

அவள் கடிதத்தை மடித்துக் கவரில் வைத்தாள். நாக்கை நீட்டினாள். பசையை ஓரத்திலிருந்து ஓரம்வரை, மெதுவாக, நக்கினாள்.

நாக்கின் அடியில் பச்சை.

முளைவிட்ட இரண்டு இலை.

கவரை அழுத்தி ஒட்டி நீட்டினாள். குப்பண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். "ஆபீஸ் பூட்டறதுக்குள்ள குடுத்துப்போடறேன்," என்று எழுந்தார். வாசலில் மொபெட் கிளம்பியது. சத்தம் தேய்ந்தது.

கதவு வழியே சாய்வெயில் உள்ளே விழுந்தது. யோகப்பிரியா அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். தலையை நிமிர்த்தினாள். வாயைத் திறந்து, வெயிலுக்குக் காட்டியபடி, அப்படியே இருந்தாள்.