இரணைமடு பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

"உதில நிண்டு வழுக்கி விழுந்தியளெண்டால், இந்த வெள்ளைச் சட்டையோட நான்தான் குதிக்கவேணும்... கொஞ்சம் இஞ்சாலை வாங்கோ."

கமலாசனி திடுக்கிட்டுத் திரும்பினாள். குளக்கட்டில் சைக்கிளைப் பிடித்தபடி ஒருவர் நின்றார். கணுக்கால்வரை வெள்ளை லோங்ஸ், வெள்ளைச் சட்டை, சைக்கிள் கைப்பிடியில் தொங்கிய கறுப்புக் குடை... வந்துவிட்டார். இவர் ஐந்தாவது ஆள்.

ஊருக்கு அவளுடைய வீட்டார் சொல்லிவிட்டு வந்த கதை வேறு. விடியவே வண்ணார்பண்ணையில் வாடகைக் கார் பிடித்து, வாழையிலையில் கட்டுச்சோறு கட்டி, ஆனையிறவு உப்புக்காற்றை வாங்கிக்கொண்டு இரணைமடுக் குளம் பார்க்கப் போகிறார்களாம். பிறகு முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான்கடலை வாங்கிக்கொண்டு, பொழுதுபட முன்னம் வீடு திரும்பிவிடுவார்களாம். குளம் பார்க்க ஆருக்கு ஆசை? எல்லாம் பொம்பிளை பார்க்கிற சங்கதிதான். மாப்பிள்ளை வீட்டாரும் அதே குளக்கட்டுக்குத் தற்செயலாக வருவார்கள். பிடித்தால் பேச்சு வளரும். பிடிக்காவிட்டால், "நாங்கள் குளம் பார்க்கப் போனனாங்கள்" என்று இரண்டு வீடும் மானத்தோடு திரும்பிவிடலாம். எங்கள் ஆட்களின் கெட்டித்தனத்தை என்னவென்று சொல்ல! மானம் எல்லாருக்கும் தப்பிவிடும். நடுவில் நிற்கிற பெட்டைக்கு மட்டும் ஒன்றும் தப்பாது.

கமலாசனியை இப்படித் தற்செயலாக நல்லூர்த் தேரடியில் பார்த்தார்கள். கீரிமலைக் கேணியடியில் பார்த்தார்கள். ஒரு கலியாண வீட்டில், இன்னொரு கலியாண வீட்டில்... நாலு இடமும் சரிவரவில்லை. காரணம் இடது கை. பத்து வயதில் கொதிகஞ்சி ஊற்றுப்பட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருண்டு போய்விட்டது. இந்தமுறை அம்மா அன்னபாக்கியம் மணிக்கட்டுவரை கை வைத்துச் சட்டை தைப்பித்திருந்தாள். "வாயைத் திறந்து ஒண்டும் சொல்லிப்போடாதை பிள்ளை. தங்கச்சியையும் யோசி" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கூட வந்திருந்த தங்கச்சி இரஞ்சிதத்துக்கு ஒரு நல்ல இடம் பொருந்தியிருந்தது. தைக்குள் முடிக்காவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்த்துவிடுவார்கள். அக்கா இருக்கத் தங்கச்சிக்குச் செய்ய முடியுமா? அந்தப் பிள்ளையின் வாழ்வும் இந்தக் குளக்கட்டில்தான் நின்றது.

மாப்பிள்ளையின் பேர் யோகலிங்கம். கிளிநொச்சியில் உத்தியோகம், பூர்வீகம் பருத்தித்துறை, வெள்ளை லோங்ஸோடு வருவார்... தரகர் ஏரம்பு சொன்னது இவ்வளவுதான். ஏரம்புதான் மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிவரக் கிளிநொச்சிக்குப் போயிருந்தார். மாப்பிள்ளையின் முகம் தெரிந்தவர் வேறு ஒருவரும் அங்கே இல்லை.

மதகுத் துருசடியில் நின்ற அப்பா ஐயாத்துரை, மகளோடு ஒருவர் கதைப்பதைக் கண்டு காலெடுத்து வைத்தார். அன்னபாக்கியம் அவருடைய சால்வையைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா நில்லுங்கோப்பா. மாப்பிள்ளை முந்தி வந்திட்டார் போல... கதைக்கட்டும்."

அங்கே குளக்கட்டில், கமலாசனி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். "உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?"

"கடற்கரையில பிறந்தவனிட்டைக் கேக்கிற கேள்வியே இது?"

பருத்தித்துறை... சரியாகத்தான் இருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அப்ப கடலை விட்டிட்டு ஏன் குளத்துக்கு வந்தனியள்?"

"உத்தியோகம் இஞ்சை. கடல் இல்லாமல் எனக்கு மூச்சு முட்டும். அதுதான் ஞாயிற்றுக்கிழமையில இந்தத் தண்ணியையாவது பாத்திட்டுப் போவமெண்டு..." அவர் குளத்தைப் பார்த்தார். "உப்பில்லாத கடல். என்ன செய்யிறது, கிடைச்சதோட சமாளிக்கவேண்டியதுதான்."

"பொல்லாத ஆள் நீங்கள்... அங்கை பாக்கிறது குளம், சொல்லுறது வேறை ஆரையோ."

"ஐயையோ, நான் குளத்தைத்தான் சொன்னனான்."

அவருடைய கண்கள் சிரித்தன. விலை பார்க்கிற கண்கள் இல்லை அவை... நாலு பேரும் அவளைத் தலையிலிருந்து கால்வரை அளந்தவர்கள். இவர் முகத்தை மட்டும் பார்த்தார். அதற்குப் பிறகு அவளால் பொய்யாக நிற்க முடியவில்லை. தங்கச்சியின் நினைவு வந்தது, அம்மாவின் வார்த்தை வந்தது. வந்தும் என்ன... இந்த மனிதரை ஏமாற்ற மனம் வரவில்லை.

"ஒரு விசயம்... வீட்டில சொல்லவேண்டாமெண்டவை. பிறகு தெரிஞ்சு நீங்கள் கவலைப்படக்கூடாது பாருங்கோ."

சட்டைக் கையை முழங்கைவரை மேலே இழுத்துக் காட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தூரத்தில் நின்ற அப்பா அம்மாவைப் பார்த்தார். முகத்தில் என்னவோ ஓடி மறைந்தது. போச்சு, இவரும் போய்விட்டார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரியா நொந்திருக்கும் என்ன?"

இத்தனை வருசத்தில் அவளிடம் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. மாறுமோ என்று கேட்டார்கள், மறைக்கலாமோ என்று கேட்டார்கள். பெற்ற தாய்கூட நொந்ததா என்று கேட்ட ஞாபகம் அவளுக்கு இல்லை.

"ஓம்..." என்றாள். "சரியா நொந்தது." அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அந்த நேரம் பார்த்து ஐப்பசி மழை குளத்துக்கு அக்கரையிலிருந்து இரைந்துகொண்டு வந்தது. அப்பாவும் அம்மாவும் இரஞ்சிதமும் காருக்கு ஓடினார்கள். அவர் குடையை விரித்து அவளுடைய கையில் கொடுத்துவிட்டு, தான் வெளியே நின்று நனைந்தார்.

"நீங்களும் வாங்கோவன்."

"வேண்டாம்... இது கொஞ்சம் கடல் மாதிரிக் கிடக்கு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரித்து எத்தனை காலம்... இனி எனக்கும் ஒரு வாழ்வு இருக்கிறது என்று அந்த மழைக்குள் அவள் நம்பினாள். பாவம், நம்பிவிட்டாள்.

மழை விட்டபோது கட்டுக்குக் கீழே இன்னொரு கார் வந்து நின்றது. முதலில் ஏரம்பு இறங்கினார். அடுத்து ஒரு தாய் இறங்கினாள். பின்னால் வெள்ளை லோங்ஸ் போட்ட ஒருவர், கையில் கறுப்புக் குடை.

"பிள்ளை கமலாசனி, இஞ்சை வாம்மா" என்று ஏரம்பு கூப்பிட்டார். "யோகலிங்கம் தம்பி வந்திட்டார்."

அவள் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். குடையை அவரிடம் நீட்டினாள், சட்டைக் கையை இழுத்து மூடினாள், படியிறங்கினாள். கால்கள் தம்பாட்டில் நடந்தன. காரடியில் அன்னபாக்கியம் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல் நின்றாள்.

மாப்பிள்ளையின் தாய் ஜெகதீஸ்வரிக்கு எட்டத்திலிருந்தே பெண்ணைப் பிடித்துப் போயிருந்தது. மழைத்திரையில் பக்கத்தில் நனைந்தவரை அவள் கவனிக்கவில்லை.

"கார் வரேக்கையே கண்டனான். மழைக்குள்ள நிண்டு என்ன மாதிரிச் சிரிச்சது பிள்ளை... வீட்டுக்கு இப்பிடிச் சிரிச்ச முகம்தான் வேணும். எங்களுக்குச் சம்மதம்."

யோகலிங்கமும் ஓம் என்று தலையாட்டினார். குறை சொல்ல ஒன்றுமில்லாத மனிதர். அதுதான் கொடுமை. அப்பாவின் கண் கலங்கிவிட்டது. இரஞ்சிதம் அக்காவின் விரல்களைப் பிடித்து நசுக்கினாள். வேண்டாம் என்று சொல்லக் கமலாசனிக்கு வாய் இருந்தது. ஆனால் அந்த விரல்களை உதறக் கை வரவில்லை... நாலு பேர் வேண்டாமென்றபோது தாங்கிய மனம், ஒருவர் வேண்டுமென்றபோது நொறுங்கிப் போயிற்று.

எல்லாருமாக முறிகண்டிக்குப் புறப்பட்டார்கள். யோகலிங்கத்தின் கார் முன்னால் போய்விட்டது. இவர்களுடைய கார் கிரவல் ரோட்டுச் சேற்றில் சில்லுப் புதைந்து நின்றுவிட்டது. பெண்கள் இறங்கி முன்னே நடந்தார்கள். பின்னால் சைக்கிளில் வந்தவர், இறங்கி, தோள் கொடுத்துத் தள்ளினார். வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு.

"தம்பி, அப்ப குளக்கட்டில நிண்டனீங்கள் என்ன?" ஐயாத்துரை மூச்சிரைக்கக் கேட்டார். "எவடம்?"

"முல்லைத்தீவு. பேர் மத்தேயு. இஞ்சை பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். பூசை முடிஞ்சு வந்தனான்."

"வேதக்காரரோ?"

"ஓம்."

"ம்..." என்றார் ஐயாத்துரை. அந்த ஒரு முனகலில் எல்லாக் கதவும் சாத்தியாயிற்று. கார் உந்தி வெளியே வந்தது. மேட்டில் போய் நிற்கச் சொல்லி ஐயாத்துரை அதன் பின்னால் ஓடினார்.

கமலாசனி வேண்டுமென்றே பின்தங்கி, மருதமரத்தடியில் நின்றாள். சேற்றில் அறுந்த செருப்பு ஒரு சாட்டு. மத்தேயு அவளைக் கடந்து போகப் பார்த்தார். முடியவில்லை.

"நான் ஆள் மாறிக் கதைக்கிறன் எண்டு உங்களுக்கு எப்ப விளங்கினது?"

"நீங்கள் கையைக் காட்டேக்கை."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

அவர் முகத்துச் சேற்றைத் துடைத்தார். துடைத்தது சேறு மட்டும்தானா என்று தெரியவில்லை.

"சொன்னால் போயிருப்பியள்... போகவிட மனமில்லை. பிழை என்னிலதான். ஒரு மழை நேரத்துக்குள்ள ஒரு ஆளில இப்பிடி உயிர் வைக்கலாமெண்டு எனக்குத் தெரியாது." சைக்கிள் கைப்பிடியைத் திருப்பினார். "உங்களுக்கு நல்ல இடம் கிடைச்சிருக்கு. நான் கெடுக்கமாட்டன். ஆள் மாறின கதையெண்டு மறந்திடுங்கோ."

"கமலா... வா பிள்ளை, அவையள் காத்துக்கொண்டு நிக்கப்போயினம்." மேட்டிலிருந்து அம்மா கூப்பிட்டாள். இரஞ்சிதம் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் பூரித்து, கையசைத்தாள்.

கமலாசனி மற்றச் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். வெட்கப்பட நேரம் இருக்கவில்லை.

"நான் ஆள் மாறிக் கதைக்கேல்லை" என்றாள். "பிறகு வந்தவர்தான் மாறி வந்திட்டார்."

சொல்லிவிட்டு, வெறுங்காலோடு சேற்றில் நடந்து போய்க் காரில் ஏறினாள்.