தாங்குமானி

தாங்குமானியில் பச்சை விளக்கு எரிந்தது. "தாங்கும்."

இந்த வருடத்தில் இது நான்காவது பச்சை. மேலே கட்டி முடித்துத் திறக்கப்போகும் விடுதி மூங்கிலோடையிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி. ஐந்து மணிக்கு அனுமதி தானாகவே போய்விடும். அந்த மலைக் கண்காணிப்பு நிலையத்தில் நான்கு வருடமாகத் தனியாக இருக்கும் ஜெபராணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

மானி பொய் சொல்லாது. ஓடையோ காடோ ஆளோ, உயிருள்ள எதன் மேலும் இன்னொரு சுமையை வைக்கலாமா என்று ஒரே சொல்லில் சொல்லிவிடும். அது வந்த பிறகு ஊர்வலம் இல்லை, வழக்கு இல்லை. சாலை போட்டால் மண் சரியுமே? தாங்கும். தோட்டத்து உரம் கரையுமே? தாங்கும். கரை மரங்களை வெட்டினால் தண்ணீர் சூடாகுமே? தாங்கும். ஒவ்வொரு துறையும் தன் கேள்வியை மட்டும் கேட்டது. ஓடை முதல் நாள் இருந்தபடியே இருப்பதாக வைத்துக்கொண்டுதான் மானி ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டது. விதி அப்படி.

ஜெபராணி செவ்வாய்தோறும் ஓடையில் இறங்கிக் கற்களைப் புரட்டுவாள். அடியில் ஒட்டியிருக்கும் நீர்ப்பூச்சிகளை எண்ணுவாள். அவளுக்கு இருந்த அக்கம்பக்கம் அவைதாம். போன வருடம் ஒரு கல்லுக்கு நாற்பது. இன்று ஆறு.

நான்கு கேள்விகளையும் ஒரே கேள்வியாக எழுதிக் கொடுத்தாள். மானி வெகுநேரம் திணறியது. பிறகு, அவள் பார்த்தேயிராத சிவப்பு.

"தாங்காது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாங்காது என்றால் இந்த நிமிடம் வரை தாங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் நேரம் இருக்கிறது.

தலைமை அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்த அதிகாரி கோமதிநாயகத்திடம் அதைச் சொன்னாள்.

"எல்லாத்தையும் சேத்துக் கேக்கச் சொல்லி யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லல சார். ஓடைக்கு எல்லாம் சேந்துதான வருது."

"சரி, உனக்காவ ஒண்ணு செய்யுதேன். ரோட்டு வேலைய நிறுத்திருதேன். மண்ணு வராது. போதுமா?"

அவள் மண்ணை மட்டும் நீக்கிக் கேட்டுப் பார்த்தாள். சிவப்பு முன்னைவிட வேகமாக வந்தது. அவளுக்குப் புரிந்தது. கலங்கல்தான் இத்தனை நாள் வெயிலை மறைத்திருக்கிறது. தெளிந்தால் உரமும் சூடும் வெளிச்சமும் சேர்ந்து பாசியைக் கிளப்பிப் பூச்சிகளுக்கு மூச்சடைக்கச் செய்துவிடும்.

"மண்ண மட்டும் நிறுத்திராதீங்க சார்! மொதல்ல உரத்த நிறுத்துங்க. தண்ணிய எடுக்க விடாதீங்க."

"நல்ல கதையா இருக்கே! கெட்டத நிறுத்துதேங்கேன், வேண்டாங்கியே. தனியா கெடந்து உனக்குத் தல சூடாயிட்டும்மா."

"அதுக்குத்தான் சார் மாற்றல் கேட்டு மூணு தடவ எழுதுனேன்."

"அதையும் மானிகிட்டக் கேட்டாச்சு. தனிமை, தாங்கும். மலைக்காய்ச்சல், தாங்கும். அம்மா தவறுனது, தாங்கும். மூணும் பச்சை! உன்ன மாதிரி ஆளு இங்க வேற யாரு இருக்கா?"

"மூணையும் சேத்துக் கேட்டீங்களா சார்?"

மறுமுனையில் அவர் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அதுக்கு ஃபாரம் கெடையாதும்மா."

ஐந்து மணிக்கு அனுமதி போயிற்று. சொன்ன சொல் தவறாமல் கோமதிநாயகம் சாலை வேலையையும் நிறுத்திவிட்டார்.

மூன்றாம் செவ்வாயன்று ஓடை கணுக்காலளவுதான் இருந்தது. தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. கற்கள் எல்லாம் பச்சை. ஒவ்வொன்றாகப் புரட்டினாள். வழுவழுப்பைத் தவிர அடியில் ஒன்றுமில்லை.

திரும்பி வந்து, இன்றைய எண்ணிக்கையையும் சேர்த்து எழுதி ஓடையைப் பற்றி அதே கேள்வியைக் கேட்டாள்.

"தாங்கவில்லை."

எதிர்காலத்திலேயே பேசிப் பழகிய மானி முதன்முறையாக இறந்தகாலத்தில் பேசியது.

ஜெபராணி ஈரக் கையைத் துடைக்காமல் அதன் உணர்தகட்டின் மேல் வைத்தாள். மறுகையால் தன்னுடைய மூன்றையும் ஒரே வரியில் எழுதினாள். மானி திணறத் தொடங்கியது. மேலே விடுதியின் பம்பு ஓடும் சத்தம் கேட்டது. வேறு சத்தமே இல்லை.

தாங்கவில்லை என்று வந்துவிடக் கூடாது, தாங்காது என்றே வரட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.